வடக்கே எட்டு, தெற்கே ஐந்து

மலைநாட்டு வானம் – வரலாற்றுத் தொடர்
அத்தியாயம் 17

சென்ற அத்தியாயத்தை வில்லியம் ஹெர்ஷலின் வெப்பமானியோடு நிறுத்தியிருந்தோம். 1800ஆம் ஆண்டு அவர் சூரிய ஒளியை முப்பட்டகத்தில் பிரித்து, நிறம் நிறமாக வெப்பமானி வைத்துப் பார்த்தார். சிவப்பையும் தாண்டி, கண்ணுக்கு ஒன்றுமே தெரியாத இடத்தில் வைத்ததுதான் எல்லாவற்றையும்விட மேலே ஏறியது. அகச்சிவப்புக் கதிர் மனிதனிடம் அகப்பட்டது அப்படித்தான். அந்தக் கதிரை வைத்து வியாழனின் உச்சந்தலையில் சுழலும் புயல்களை எண்ணிய கதையை இந்த வாரம் சொல்ல வேண்டும். ஆனால் விண்கலத்திலிருந்து ஆரம்பித்தால் கதையின் பாதி போய்விடும். நம் ரயில் பாதையிலிருந்து ஆரம்பிக்கிறேன்.

ஒரே ஆண்டில் மூன்று

மலையக வரலாற்றைப் பேசும் எந்தப் புத்தகத்தைத் திறந்தாலும் 1867 கண்ணில் படும். கண்டிக்கு அருகே லூல்கந்துர தோட்டத்தில் ஜேம்ஸ் டெய்லர் 19 ஏக்கரில் தேயிலை போட்ட ஆண்டு அது. கொழும்பிலிருந்து கண்டிக்கு ரயில் வந்து சேர்ந்ததும் அதே ஆண்டில்தான். ரயில் வேண்டும் என்று நெருக்கியவர்கள் கோப்பித் தோட்டத் துரைமார். மாட்டு வண்டியில் நாட்கணக்காய் ஆடி அசைந்து போன கோப்பியை விரைவாகத் துறைமுகத்தில் இறக்கிவிட வேண்டும் என்பது அவர்கள் கணக்கு. இரண்டே ஆண்டில், 1869இல், கோப்பி இலையில் துருநோய் விழுந்தது. கோப்பிக்காகப் போட்ட பாதையில் கடைசியில் இறங்கிப் போனது தேயிலை. தண்டவாளம் 1884இல் ஹட்டனுக்கும் அடுத்த ஆண்டு நானுஓயாவுக்கும் ஏறியது.

கடுகண்ணாவை ஏற்றத்தைத் தாண்டி அந்த முதல் பாதையைக் கொண்டுவந்த தலைமைப் பொறியியலாளர் கில்போர்ட் மோல்ஸ்வர்த். பொறியியலாளர்கள் சட்டைப் பையிலேயே வைத்துத் திரிந்த ஒரு சூத்திரக் கைநூலால் உலகம் முழுக்கப் பெயர் எடுத்தவர். அவர் கோடு கிழித்த இடத்தில் பாறை உடைத்தவர்களின் பெயரை அப்படி எந்த நூலும் வைத்துக்கொள்ளவில்லை. அதே 1867ஆம் ஆண்டு ஏப்ரல் 2ஆம் திகதி, கொழும்பில் அவருக்கு ஒரு மகன் பிறந்தார். பெர்சி பிரேபுரூக் மோல்ஸ்வர்த் என்று பெயர். தகப்பனார் மலையில் பாதை போட்டார். மகன் வியாழனில் புயல் எண்ணப் போனார்.

திருகோணமலை இரவுகள்

பெர்சி பிரித்தானிய ராணுவத்தின் பொறியியல் படையில் அதிகாரியானார். உத்தியோகம் அவரைப் பிறந்த தீவுக்கே திருப்பி அனுப்பியது. திருகோணமலையில் பன்னிரண்டரை அங்குல ஆடி கொண்ட ஒரு தொலைநோக்கியை நிறுத்திக்கொண்டு, இரவெல்லாம் வியாழனைப் பார்த்தார்.

திருகோணமலை அவருக்கு வாய்த்த இடம். 1901இல் வியாழன் தனுசில் இருந்தது. குருப் பெயர்ச்சி பார்க்கிறவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை, ராசிக்கு ஓராண்டு வீதம் நகரும் கோள் அது. தனுசு வானத்தின் தெற்கு ஓரம். லண்டனில் இருந்து பார்ப்பவருக்கு அந்த ஆண்டு வியாழன் அடிவானத்திலிருந்து பதினைந்து பாகைக்கு மேல் ஏறியிருக்காது. புகையும் நடுங்கும் காற்றும்தான் மிச்சம். திருகோணமலையிலோ அறுபது பாகை அளவுக்கு ஏறி, தெளிந்த காற்றில் நின்றது.

அவர் செய்த வேலையைச் சொன்னால் பலருக்குச் சப்பென்றுதான் இருக்கும். வியாழன் பத்து மணி நேரத்துக்குள் ஒருமுறை தன்னைச் சுற்றிக்கொள்ளும். அதன் பட்டைகளில் தெரியும் ஒவ்வொரு புள்ளியும் வெள்ளையோ கறுப்போ வட்டத்தின் நடுக்கோட்டைத் தாண்டும் கணத்தில் கடிகாரத்தைப் பார்த்து எழுதி வைப்பது. அவ்வளவுதான். அந்த நேரத்திலிருந்து புள்ளியின் இடத்தைக் கணக்கிடலாம். பல இரவுக் கணக்கை அடுக்கினால் புள்ளி நகரும் வேகம் வரும். அதுதான் வியாழனின் காற்று. ஒரு நிமிடம் பிசகினால் அங்கே எழுநூறு கிலோமீற்றருக்கு மேல் தள்ளிப் போய்விடும். கொழுந்து நிறுக்கும் இடத்தில் கணக்கப்பிள்ளை ஆள் ஆளாய், வேளை வேளையாய் நிறுத்து எழுதுவாரே, அந்த மாதிரி வேலை. விட்டுப்போன ஒரு வரியைப் பிறகு உட்கார்ந்து யோசித்து எழுத முடியாது. பெர்சி அப்படி ஆயிரக்கணக்கான வரிகள் எழுதினார்.

1901 பெப்ரவரி 28ஆம் திகதி, வியாழனின் தென்பகுதிப் பட்டையின் விளிம்பில் முன்பு இல்லாத ஒரு கரிய புடைப்பைக் கண்டார். அது நாளடைவில் நீண்டு வளர்ந்தது. பெரிய சிவப்புப் புள்ளியை எட்டிப் பிடித்தது, தாண்டியது, மறுபடி வந்தது. தென் வெப்பவலயக் குழப்பம் என்று வானியலாளர் அதற்குப் பெயர் வைத்தார்கள். பெர்சி 1908இல் திருகோணமலையிலேயே இறந்தார். வயது 41. அவர் கண்டுபிடித்த குழப்பம் 1939 வரை வியாழனில் உலவியது. அவருக்குப் பிறகும் வேறு கைகள் அந்தக் கணக்கை விடாமல் எழுதியதால்தான் அது எப்போது ஓய்ந்தது என்பது நமக்குத் தெரிகிறது. செவ்வாயில் இன்று அவர் பெயரில் ஒரு பள்ளம் இருக்கிறது.

உச்சி தெரியாத மலை

இத்தனை ஆயிரம் வரிகளிலும் வியாழனின் துருவம் கிடையாது. குறை அவருடையதல்ல. வியாழன் ஏறத்தாழ நிமிர்ந்தே சுற்றுகிறது, சாய்வு மூன்று பாகைதான். பூமியில் எங்கே நின்று பார்த்தாலும் அதன் துருவம் வட்டத்தின் விளிம்பில் நசுங்கித்தான் தெரியும். ஹட்டன் பக்கம் நின்று சிவனொளிபாதமலையைப் பார்க்கிறவருக்கு உச்சியின் கூர் தெரியும். உச்சியிலிருக்கும் பாதம் தெரியாது. அதற்கு ஏறித்தான் ஆக வேண்டும்.

ஏறினாலும் வெறும் கண் போதாது. துருவத்தில் வெயில் சரிந்து விழும். பாதி இடம் இருட்டு. அங்கேதான் ஹெர்ஷலின் கதிர் உதவிக்கு வந்தது.

வியாழன் தானே சூடு விடும் கோள். உருவான காலத்துச் சூடு இன்னும் உள்ளே தங்கியிருக்கிறது. சூரியனிடம் வாங்குவதைப்போல ஏறத்தாழ இரு மடங்கை அது வெளியே விடுகிறது. 1960களில் பிராங்க் லோ போன்றவர்கள் செய்த அளவைகள் இதைக் காட்டின. 1969இல் ஜேம்ஸ் வெஸ்ட்பால் இன்னொன்றைச் சொன்னார். ஐந்து மைக்ரோன் அலைநீளத்தில் பார்த்தால் வியாழன் ஒரே சீராக ஒளிரவில்லை. சில இடங்கள் மட்டும் கனல்போல் பளிச்சிட்டன. அந்த அலைநீளத்தை வியாழனின் வாயுக்கள் அவ்வளவாக விழுங்குவதில்லை. அதனால் ஆழத்திலுள்ள சூடு, மேகம் மெல்லியதாக இருக்கும் இடத்தில் தப்பி வெளியே வருகிறது. தடித்த மேகம் அதை மறித்துவிடுகிறது.

நான் பிறந்த லயத்தில் கூரை தகரம். அதில் பழைய ஆணி ஓட்டைகள். பகலில் காம்பராவுக்குள் இருந்தால், ஓட்டைக்கு ஒரு காசு வீதம் வெயில் தரையில் விழும். இரவில் அம்மா அடுப்பை எரிய விட்டதும் எல்லாம் தலைகீழ். வெளியே மேட்டில் ஏறி நின்று பார்த்தால் கூரை முழுக்கக் கறுப்பு. ஓட்டைகள் மட்டும் சிவப்பாய்த் தெரியும். மழைக்காலம் வருமுன் தார் வைக்க வேண்டிய இடங்களை அப்பா இப்படித்தான் அடையாளம் பார்த்து வைப்பார். ஐந்து மைக்ரோனில் வியாழன் அந்த இரவுக் கூரை. வெளிச்சம் தெரிந்தால் அங்கே மேகம் மெலிவு. கறுப்பாயிருந்தால் தடிப்பு. சூரியன் இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஒன்றுதான், அடுப்பு உள்ளே எரிகிறது.

தனுஷ்கோடிக்கு மூன்று மாதம் முன்பு

பூமியிலும் இதே கண்ணைப் புயல் பார்க்கத் திருப்பினார்கள். 1964 ஓகஸ்ட் 28ஆம் திகதி அமெரிக்கா நிம்பஸ்–1 என்ற செயற்கைக் கோளை அனுப்பியது. இரவிலும் மேகங்களை வெப்பத்தால் படம் பிடிக்கும் கருவி அதில் இருந்தது. நள்ளிரவில் சுழலும் சூறாவளியின் வடிவம் வானிலிருந்து தெரியத் தொடங்கிய காலம் அது. ஆனால் ஒரு மாதம்கூட ஓடாமல், செப்டெம்பரிலேயே நிம்பஸ்–1 நின்றுபோனது.

மூன்று மாதம் கழித்து, டிசம்பர் 22ஆம் திகதி இரவு, தனுஷ்கோடியைக் கடல் எடுத்துக்கொண்டது. பாம்பனில் இருந்து போன ரயிலும் பயணிகளோடு போயிற்று. நம் பாட்டன் பூட்டன்மாரில் பலர் தலைமன்னாருக்குக் கப்பலேறிய கரை அதுதான். அந்த ஒக்டோபரில் கையெழுத்தான சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி இந்தியா போக வேண்டியிருந்தவர்கள் போய் இறங்க அந்தக் கரை இருக்கவில்லை. கப்பல் பிறகு இராமேஸ்வரத்துக்குப் போனது. இரவில் புயலைப் பார்க்கும் கண் அந்த ஆண்டில்தான் திறந்தது, வங்கக் கடலில் புயல் வருமுன்னே மூடிக்கொண்டது.

ஜூனோ ஏறிய வழி

வியாழனின் துருவப் பக்கத்தைச் சற்று மேலிருந்து முதலில் பார்த்தது 1974 டிசம்பரில் கடந்து போன பயனியர்–11. அதுவும் தூரத்துப் பார்வைதான். இடையில் சனி முந்திக்கொண்டது. வொயேஜர் எடுத்த படங்களில் சனியின் வடதுருவத்தைச் சுற்றி ஓர் அறுகோணம் இருப்பதை 1988இல் டேவிட் கோட்பிரே கண்டார். காசினி விண்கலம் போனபோது அங்கே நீண்ட துருவ இரவு. சாதாரணக் கமராவுக்கு ஒன்றும் தெரியாது. காசினியின் அகச்சிவப்புக் கருவி ஐந்து மைக்ரோனில் பார்த்தது. கும்மிருட்டில் அறுகோணம் அப்படியே இருந்தது. அதன் நடுவே, சரியாகத் துருவத்தில், ஒரே ஒரு சுழல்.

வியாழனுக்கு ஜூனோ போனது. 2011 ஓகஸ்ட் 5ஆம் திகதி கிளம்பி, 2016 ஜூலை 4ஆம் திகதி சேர்ந்தது. துருவத்துக்கு மேலாகப் போய் மறு துருவத்துக்கு மேலாகத் திரும்பும் பாதை அதற்கு. இரண்டு வாரத்துக்கு ஒரு சுற்று என்று திட்டம். உந்துபொறியின் வால்வுகள் இரண்டு மந்தமாக வேலை செய்ததால் துணிந்து எரிக்காமல், 53 நாளுக்கு ஒரு சுற்று என்றே விட்டுவிட்டார்கள்.

அதில் இருந்த அகச்சிவப்புக் கருவியின் பெயர் ஜிராம். இத்தாலி செய்தது. அதை முன்னின்று உருவாக்கிய அஞ்சோலெத்தா கொராதினி, கலம் கிளம்பிய அடுத்த மாதமே இறந்துவிட்டார். அல்பர்ட்டோ அத்ரியானி பொறுப்பை ஏற்றார். ஜூனோ நிலையாக நிற்பதில்லை, அரை நிமிடத்துக்கு ஒருமுறை பம்பரமாய்ச் சுழன்றுகொண்டே போகும். ராட்டினத்தில் உட்கார்ந்து படம் எடுப்பது போன்ற சங்கடம். அதற்கு ஜிராமுக்குள் ஒரு கண்ணாடி வைத்தார்கள். கலம் ஒரு பக்கம் சுழன்றால் கண்ணாடி அதே வேகத்தில் எதிர்ப்பக்கம் திரும்பும். அந்தச் சொற்ப நேரம் வியாழன் அசையாமல் நிற்கும்.

2017 பெப்ரவரி 2ஆம் திகதி ஜூனோ தாழ்ந்து பறந்தபோது ஜிராம் எடுத்த படங்களை ஒட்டவைத்துப் பார்த்தார்கள். வடதுருவத்தின் நடுவில் ஒரு சூறாவளி. அதைச் சுற்றி, ஒன்றையொன்று உரசிக்கொண்டு, எட்டு. தென்துருவத்தில் நடுவே ஒன்று, சுற்றி ஐந்து. 2018 மார்ச்சில் ‘நேச்சர்’ இதழில் இதை வெளியிட்டார்கள்.

வடக்கேயுள்ளவை நாலாயிரம் கிலோமீற்றருக்கு மேல் அகலம். தெற்கேயுள்ளவை இன்னும் பெரியவை, ஏழாயிரம் வரை போகும். பருத்தித்துறையிலிருந்து தெய்வேந்திரமுனை வரை நம் தீவின் நீளத்தைப் பத்து முறை வரிசையாக வைத்தால்தான் வடக்கின் ஒரு சூறாவளியைத் தாண்டலாம். காற்று மணிக்கு 360 கிலோமீற்றர் அளவில் அடிக்கிறது. மெல்லிய மேக இடைவெளிகள் பூச்சியத்துக்குக் கீழ் 13 பாகை செல்சியஸாகவும், தடித்த மேகங்கள் பூச்சியத்துக்குக் கீழ் 118 பாகையாகவும் ஜிராமுக்குத் தெரிந்தன. அந்த நூறு பாகை வித்தியாசம்தான் படத்தில் சுருள் சுருளாக விரிந்தது.

ஊசியும் தக்கையும்

பார்த்தவர்களை யோசிக்க வைத்தது எண்ணிக்கை அல்ல. இவ்வளவு நெருக்கத்தில் நின்று ஏன் ஒன்றையொன்று விழுங்கவில்லை? பக்கத்துப் பக்கத்தில் ஒரே திசையில் சுழலும் இரண்டு சுழல்கள் ஒன்றாகிவிடுவதுதான் வழக்கம். சனியில் இருப்பது ஒன்றுதானே.

பதிலின் ஒரு துண்டு 1878இலேயே ஒரு தண்ணீர்ப் பாத்திரத்தில் மிதந்துகொண்டிருந்தது. அமெரிக்கரான அல்பிரட் மேயர் காந்தமேற்றிய ஊசிகளைத் தக்கையில் குத்தி, எல்லாம் ஒரே முனை மேலே வரும்படி மிதக்கவிட்டார். அவை ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு ஓரத்துக்குப் போகும். பாத்திரத்துக்கு மேலே ஒரு பெரிய காந்தத்தை எதிர்முனை கீழிருக்கப் பிடித்தால், எல்லாம் நடுவுக்கு ஓடி வரும். வந்தும் ஒட்டிக்கொள்ளாது. மூன்று ஊசி என்றால் முக்கோணம், நான்கு என்றால் சதுரம், ஐந்துக்கு ஐங்கோணம். ஆறாவதைப் போட்டால் ஒன்று நடுவில் போய் நிற்க, ஐந்து சுற்றி நிற்கும். வீட்டில் செய்து பார்க்கலாம். தக்கை கிடைக்காவிட்டால் ரெஜிபோம் துண்டு போதும்.

வியாழனில் மேலே பிடித்த காந்தத்தின் வேலையைச் செய்வது கோளின் சுழற்சி. துருவத்தை நெருங்க நெருங்க அந்தச் சுழற்சியின் பிடி கூடும். இந்த ஏற்ற இறக்கம் சூறாவளிகளைத் துருவத்தை நோக்கித் தள்ளுகிறது. பூமியின் சூறாவளிகளுக்கும் அதே தள்ளல் உண்டு, ஆனால் அவை தரையில் மோதியோ குளிர்ந்த கடலில் ஏறியோ துருவம் சேருமுன் செத்துவிடும். வியாழனில் மோதுவதற்குத் தரையே கிடையாது. சேர்ந்த பிறகு ஒன்றோடொன்று ஒட்டாமல் காப்பது எது? ஒவ்வொரு சூறாவளியையும் சுற்றி எதிர்த்திசையில் ஓடும் ஒரு வளையம் இருந்தால் அவை விலகி நிற்கும் என்று 2020இல் செங் லீயும் அன்ட்ரூ இங்கர்சாலும் கணித்துக் காட்டினார்கள். உள்ளே தள்ளும் விசையும் வெளியே தள்ளும் விசையும் சமமாகும் தூரத்தில் எத்தனை சூறாவளிக்கு இடம் இருக்கும் என்பதை அடுத்த ஆண்டு இஸ்ரேலின் நிம்ரோட் கவ்ரியேலும் யோஹாய் கஸ்பியும் கணக்கிட்டார்கள். சனியில் ஏன் கூட்டம் சேரவில்லை என்பதற்கும் அந்தக் கணக்கில் விடை இருந்தது.

2019 நவம்பர் 4ஆம் திகதி தென்துருவத்தில் ஒரு சம்பவம். அதற்கு முன்பு ஜூனோவே பிழைக்குமா என்றிருந்தது. வியாழனின் நிழலுக்குள் பன்னிரண்டு மணி நேரம் போனால், வெயிலில் ஓடும் அந்தக் கலம் குளிரில் விறைத்துவிடும். செப்டெம்பர் இறுதியில் சிறு உந்திகளைப் பத்தரை மணி நேரம் எரித்துப் பாதையை மாற்றித் தப்ப வைத்தார்கள். தப்பி வந்த கலம் பார்த்தால், ஐந்து சூறாவளிகளுக்கு நடுவே ஆறாவதாக ஒரு குட்டிச் சூறாவளி நுழைந்து ஐங்கோணத்தை அறுகோணமாக்கியிருந்தது. குட்டி என்பது வியாழனின் கணக்கில், நம் தீவைப்போல பத்து மடங்கு பரப்பு அதற்கு. அது நிலைக்கவில்லை. தெற்கில் மறுபடி ஐந்துதான். வந்ததும் போனதும் தெரியக் காரணம், சுற்றுக்குச் சுற்று எண்ணிக்கொண்டிருந்ததுதான்.

புல்வெளியில் ஒரு மானி

2025 நவம்பர் கடைசியில் டித்வா சூறாவளி தீவைக் கடந்தது. கண்டியிலும் நுவரெலியாவிலும் பதுளையிலும் மலைகள் சரிந்தன. நாடு முழுவதும் அறுநூறு பேருக்கு மேல் இறந்தார்கள். நிம்பஸ் காலம்போல இன்று இருட்டு இல்லை. ஜப்பானின் ஹிமாவாரி செயற்கைக் கோள் பத்து நிமிடத்துக்கு ஒரு படம் தருகிறது, இரவானாலும் அகச்சிவப்பில் தருகிறது. அங்கே படத்தை வாசிக்கும் முறைதான் வேறு. மேகத்தின் முடி எவ்வளவு குளிர்ந்திருக்கிறதோ அவ்வளவு உயரம் என்று கொள்வார்கள். மேகம் எங்கே குவிகிறது என்பது அதில் தெரியும். ஒரு லயத்துக்குப் பின்னாலிருக்கும் சரிவு எத்தனை நாள் தண்ணீரைக் குடித்திருக்கிறது என்பது அதில் தெரியாது.

அதற்குத் தரையில் ஒரு மானி வேண்டும். பழைய தோட்டங்களில் அது உண்டு. ஆபீசுக்குப் பக்கத்துப் புல்வெளியில் முழங்கால் உயரத்துக்கு ஒரு செம்புக் குழாய், மேலே புனல். காலையில் கிளாக்கர் வந்து உள்ளிருக்கும் தண்ணீரைக் கண்ணாடிக் குவளையில் ஊற்றி, குனிந்து கண் மட்டத்தில் பார்த்து, புத்தகத்தில் ஒரு வரி எழுதுவார். மழை இல்லாத நாளுக்கும் ஒரு வரி, பூச்சியம் என்று. சிறுவயதில் அந்தப் பூச்சியத்தை எதற்கு எழுதுகிறார் என்று நான் சிரித்ததுண்டு. இன்று அந்தப் புத்தகம் கையில் கிடைத்தால், முதலில் தேடுவது எழுதாமல் விட்ட நாட்கள் இருக்கின்றனவா என்பதைத்தான்.

அடுத்த அத்தியாயத்தில் 1852ஆம் ஆண்டுச் சென்னைக்குப் போகிறோம். மதராஸ் வான்காணகத்தில் கப்டன் ஜேக்கப் சனியின் உள்வளையத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். வளையத்துக்குப் பின்னால் இருப்பது அவருக்குத் தெரிகிறது.

(தொடரும்)